பிறமொழியில் எழுதும் மாணவரும் அவர் பெறும் மதிப்பெண்ணும்

பிழைப்பை நாடியும் பதவியை ஏற்றும் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே காட்சியைக் காண்கிறோம். புதிய ஊருக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் இல்லத்தரசி காய்கறிக்காரரிடம் அவ்வூர் மொழியிலேயே பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார். சிறுவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டே அம்மொழியைப் பிடித்துக்கொள்கின்றனர். ஆனால் வாய்க்கு வந்த மொழி கைக்கு வருவது அரிதாகவே இருக்கிறது. பல்கலைக் கழகத்தில் சேர்ந்த மகனோ மகளோ முதன்முதலாக எழுதிக் கொடுத்த கட்டுரை, பத்து நாட்கள் கழித்துச் சிவப்பு மைக் கோடுகளுடன் திரும்பி வருகிறது. அன்றிரவு அவர் சரியாக உண்பதில்லை. ஏன் என்று பெற்றோர் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதே விடையாக வருகிறது.

அந்த 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லுக்குள் அடங்கியிருப்பது என்ன என்பதை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் கட்டுரை எழுதுவதைப் பல்கலைக் கழகங்களில் எவ்வாறு கற்பிப்பது, எழுதியதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இவ்வுரையின் பொருள். ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஓர் இளைஞர் தம் கருத்தைத் தாமே சொல்லத் துணிவதும், துணியாமல் பிறர் எழுதி வைத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றன.

நம் சொந்தத் தவறு ஒன்றைக் கூறித் தொடங்குவதே முறை. வட இந்திய நகர் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் நாம் இருந்தோம். 'நீர்வளம்' என்னும் தலைப்பைக் கொடுத்திருந்தோம். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து பொருளாதாரம் பயின்ற ஒரு மாணவி, தம் ஊர்க் கண்மாயைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். மடையைத் திறப்பவர் யார், வயலின் பரப்புக்கு ஏற்ப நேரத்தைப் பங்கிடுவது எப்படி, நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்கு முதலில் விடுவதென்று ஊரார் செய்துகொண்ட ஏற்பாடு என்ன என்பனவெல்லாம் அதில் இருந்தன. நாமோ பிழைகளை எண்ணினோம். நாற்பத்தொன்று இருந்தன. நூற்றுக்கு 35 இட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் அம்மாணவி எழுதிய கட்டுரையில் ஒரு பிழைகூட இல்லை. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூலிலிருந்து அவ்வாக்கியங்கள் அப்படியே வந்திருந்தன. அழைத்துக் கேட்டோம். "என் வாக்கியத்தை எழுதினால் பிழை வருகிறது சார். புத்தகத்து வாக்கியத்தை எழுதினால் வருவதில்லை" என்றார். அவர் கூறியதில் குற்றம் ஒன்றும் காண இயலவில்லை. நாம் இட்ட மதிப்பெண் கற்பித்த பாடத்தை அவர் நன்றாகவே கற்றிருந்தார். கண்மாயைப் பற்றி எழுதத் தெரிந்த ஒருவரை எழுதாமல் இருக்கப் பழக்கியவர்கள் நாமே.

இரண்டாம் மொழி என்று நாம் கூறுவது யாது? பள்ளிப் பாடத் திட்டத்தில் வரிசை எண்ணாக வரும் 'இரண்டாம் மொழி'யை இங்குக் கருதவில்லை. தாய்மொழிக்குப் பின்னர்க் கற்றுக்கொண்டு, படிப்பையோ தொழிலையோ நடத்துவதற்குக் கருவியாகக் கொள்ள நேரும் மொழியையே அப்பெயரால் குறிக்கிறோம். தமிழ் மாணவருக்கு அது பெரும்பாலும் ஆங்கிலம். வடபுலத்தில் சிலருக்கு அது இந்தி. பிற மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த சிலருக்கு எழுத்துத் தமிழே அந்நிலையில் இருக்கிறது என்பதையும் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் தோன்றியபோதே உயர்கல்வியின் மொழி ஆங்கிலமாயிற்று. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் மாணவர் படித்தனர். அவர்களைப் பற்றித் தேர்வில் எழுதினர். எழுதுவது எப்படி என்பதை மட்டும் எவரும் தனியாகக் கற்பிக்கவில்லை. நல்ல நூல்களைப் படித்தால் நல்ல நடை தானே வந்துவிடும் என்று எண்ணினர் போலும். நன்கு பழகிய சிலருக்கு அது வந்தது. ஏனையோர் மனப்பாடத்தின் துணையை நாடினர்.

நாடு விடுதலை பெற்றபின் 1948இல் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக் கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினராக இருந்தார். 1949இல் அக்குழு அளித்த அறிக்கை, பல்கலைக் கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் கூற வேண்டுமாயின் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தைத் தெரிவித்தது. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிலையம் நிறுவப்பட்டது. ஆங்கிலத்தை இலக்கியமாக மட்டும் பாராமல், கற்பிக்க வேண்டிய ஒரு மொழியாகப் பார்க்கும் நோக்கு அங்கு வளர்ந்தது. அந்நிலையம் இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக் கழகமாக விளங்குகிறது.

இனி, எழுத்து ஏன் பேச்சைவிடக் கடினமாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். பேசும்போது எதிரே ஒருவர் நிற்கிறார். நாம் தடுமாறினால் அவர் சொல்லெடுத்துக் கொடுக்கிறார். புரியாவிட்டால் 'என்ன?' என்று கேட்கிறார். முகமும் கையும் பாதிப் பொருளைச் சுமந்துகொள்கின்றன. எழுதும்போது இவற்றுள் ஒன்றும் துணைக்கு வாராது. படிப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை எழுதுபவரே முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டும். தாய்மொழியில் எழுதுவோருக்கே இது எளிதன்று. பிறமொழியில் எழுதுபவரோ பொருளையும் தேடி, சொல்லையும் தேடி, இலக்கணத்தையும் நினைவிற் கொண்டு ஒரே நேரத்தில் மூன்று சுமைகளைச் சுமக்கிறார். ஒன்றைப் பற்றினால் மற்றொன்று நழுவுகிறது. கருத்து ஆழமாகும்போதே பிழை மிகுவதை வகுப்பில் அடிக்கடி காண்கிறோம். கண்மாயைப் பற்றிய கட்டுரையில் நாற்பத்தொரு பிழைகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிழைகளை அறிஞர் எவ்வாறு நோக்குகின்றனர்? பிட் கார்டர் என்னும் ஆங்கில மொழியியல் அறிஞர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் பெரும் மாற்றத்தை விளைவித்தது. கைதவறி நேரும் வழு வேறு, கற்பவர் தம் உள்ளத்தில் அமைத்துக்கொண்ட விதியிலிருந்து பிறக்கும் பிழை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பின்னது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். கற்பவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பதை அது ஆசிரியருக்குக் காட்டும். ஆதலின் அது கல்லாமைக்கு அடையாளம் அன்று, கற்றுக்கொண்டிருப்பதற்கு அடையாளம் என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழ் மாணவரின் எழுத்திலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது நல்ல தமிழ். அதே அமைப்பை ஆங்கிலத்திற்கு எடுத்துச் செல்லும் மாணவர் 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் 'அபௌட்' என்னும் சொல்லைச் சேர்த்துவிடுகிறார். ஆங்கில இலக்கணம் அதை ஏற்பதில்லை. 'மெல்ல மெல்ல' என்று அடுக்கிச் சொல்லிப் பழகியவர் 'ஸ்லோலி ஸ்லோலி' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு நேரானவை தமிழில் இல்லை. தேவைப்படும்போது மட்டுமே 'ஒரு' என்றும் 'அந்த' என்றும் கூறுகிறோம். எனவே அச்சிறு சொற்கள் விடுபட்டுப் போகின்றன. இந்தியில் எழுதும் தமிழருக்கு வேறொரு தொல்லை. நமக்குக் கதவும் சன்னலும் அஃறிணை. இந்தியிலோ கதவைக் குறிக்கும் 'தர்வாஜா' ஆண்பால், சன்னலைக் குறிக்கும் 'கிட்கீ' பெண்பால். அதற்கேற்ப அடைமொழியும் வினையும் மாற வேண்டும். இங்கே தடுமாறுபவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். ஒரு மொழியின் நேர்மையான விதியை மற்றொரு மொழியில் செலுத்திப் பார்ப்பவர்.

ஆசிரியருக்கு இதனால் என்ன பயன் எனின், எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. மாணவர் எழுதியதை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லலாம். படிக்கும்போது தாமே நின்று திருத்திக்கொள்பவை கைவழுக்கள். அவற்றின்மேல் மை செலவிட வேண்டியதில்லை. தயங்காமல் படித்துச் செல்லும் பிழைகளே கற்பிக்கப்பட வேண்டியவை. நாற்பத்தொரு பிழைகளை இவ்வாறு பிரித்தால் கற்பிக்க வேண்டியவை நான்கைந்து வகைகளில் அடங்கிவிடும். நாற்பத்தொன்று என்று கேட்டால் உள்ளம் சோர்கிறது. நான்கு என்று கேட்டால் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்து மதிப்பெண்ணுக்கு வருவோம். விடைத்தாளின் தலைப்பில் எழுதப்பட்ட எண்ணைக் கல்லில் பொறித்த எழுத்தாகவே நாம் கருதுகிறோம். அது அவ்வளவு உறுதியானதா? எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைச் சோதித்தார். இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ஒரே உரைநடைப் பகுதியைத் தகுதி வாய்ந்த 28 தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பிட்டனர். நூற்றுக்கு 45 இட்டவரும் இருந்தனர், 100 இட்டவரும் இருந்தனர். இலத்தீன் அவர்கள் எவருக்கும் தாய்மொழி அன்று என்பதை நினைவிற் கொண்டால், இரண்டாம் மொழி எழுத்தைப் பற்றிய பழைய சோதனைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

1961இல் அமெரிக்காவில் பால் டீடரிக்கும் அவருடைய தோழர் இருவரும் செய்த ஆய்வு இன்னும் விரிவானது. கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேர் படித்தனர். ஆசிரியர்கள் மட்டுமின்றி எழுத்தாளர், வழக்கறிஞர், வணிகத்துறையினர் ஆகியோரும் அவர்களுள் இருந்தனர். கட்டுரைகளை ஒன்பது தரங்களாகப் பிரிக்கும்படி அவர்களிடம் கூறப்பட்டது. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. அதாவது ஒரே கட்டுரையை ஒருவர் மிகச் சிறந்தது என்றார், மற்றொருவர் மிகத் தாழ்ந்தது என்றார். ஐந்துக்குக் குறைவான வேறுபட்ட தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஆராய்ந்து பார்த்ததில், ஒருவர் கருத்தை நோக்கினார், மற்றொருவர் அமைப்பை நோக்கினார், வேறொருவர் எழுத்துப் பிழையை நோக்கினார், பிறிதொருவர் சொல்லாட்சியை நோக்கினார் என்பது புலனாயிற்று. அவரவர் கையில் வெவ்வேறு அளவுகோல் இருந்தது. தம் கையில் இருப்பது எந்த அளவுகோல் என்பதை வெளிப்படையாக யாரும் கூறவில்லை.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கர்களைப் பலவற்றோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்ததை நேயர்கள் அறிவர். நீரை நீக்கிப் பாலைக் கொள்ளும் அன்னத்தை முதல் மாணாக்கருக்கு உவமையாக்கினார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியைக் கடை மாணாக்கருக்கு உவமையாக்கினார். தேன் அடையையும் நெய்யையும் வடிப்பதற்குப் பனைமரத்துப் பன்னாடையைப் பயன்படுத்திய நாட்டினருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பாடம் கேட்பவருக்குக் கூறிய இவ்வுவமை விடைத்தாள் திருத்துபவருக்கும் பொருந்துகிறது. பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டு பொருளை ஒழுகவிடும் தேர்வாளரும் நெய்யரியே. அன்று கண்மாய்க் கட்டுரையைத் திருத்திய நம் கையில் இருந்ததும் பன்னாடைதான்.

இக்குறையைப் போக்க அறிஞர் இரு வழிகளைக் கண்டனர். முதலாவது, கட்டுரையை முழுமையாக ஒருமுறை படித்து ஒரே தரம் இடுவது. ஆனால் தனி ஒருவர் விருப்பத்திற்கு அதனை விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு தரத்திற்கும் விளக்கம் எழுதி வைத்து, மாதிரிக் கட்டுரைகளைக் காட்டி, தேர்வாளர்களைப் பழக்கிய பிறகே அவர்களிடம் கட்டுரைகளைக் கொடுப்பர். 1986இல் அமெரிக்காவின் டோஃபல் தேர்வோடு சேர்க்கப்பட்ட எழுத்துத் தேர்வில் இம்முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியே படித்து ஆறு தரங்களுள் ஒன்றை இட்டனர். இருவர் இட்டவற்றிற்கும் இடையே ஒரு தரத்திற்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாமவர் படித்தார்.

இரண்டாவது வழி, கட்டுரையைக் கூறு கூறாகப் பிரித்து மதிப்பிடுவது. 1981இல் அமெரிக்காவில் ஹாலி ஜேகப்ஸ் முதலியோர் இரண்டாம் மொழிக் கட்டுரைக்கென ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் பொருளுக்கு 30, அமைப்புக்கு 20, சொல்வளத்திற்கு 20, மொழியைக் கையாளும் திறத்திற்கு 25, எழுத்தும் நிறுத்தக்குறியும் பற்றியவற்றிற்கு 5, ஆக மொத்தம் 100 என வகுக்கப்பட்டது. எழுத்துப் பிழைக்கு உரிய பங்கு நூற்றில் ஐந்தே என்பதை நேயர்கள் கருத வேண்டும். இவ்வளவுகோலே இறுதியானது என்று நாம் கூறவில்லை. எந்த வகுப்பிற்கு எது வேண்டுமோ அதற்கேற்பப் பங்குகளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்பங்கீடு எழுதுவதற்கு முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துலாக்கோலைத் திரைக்குப் பின்னால் வைத்து நிறுக்கும் கடையில் நாம் பொருள் வாங்குவதில்லை. மதிப்பெண்ணிலும் அதே நேர்மையை எதிர்பார்ப்பது தவறாகாது.

பழைய கட்டுரையை மாணவியிடமிருந்து திரும்பப் பெற்று, இத்தகைய அளவுகோலால் மீண்டும் மதிப்பிட்டோம். பொருளுக்கும் அமைப்புக்கும் நிறையவும், மொழிக்குக் குறைவாகவும் இட நேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் 58 வந்தது. கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நம் பார்வை ஒன்றே மாறியிருந்தது. முதலில் இட்ட 35ஐக் கொண்டு அவர் ஒரு மாதம் தம்மைப் பற்றி என்னென்ன எண்ணியிருப்பார் என்பதை நினைக்கும்போது நமக்கு நாணமே உண்டாயிற்று.

மதிப்பிடுவது ஒருபுறம் இருக்க, கற்பிப்பது எப்படி? நம் கல்லூரிகளில் கட்டுரை என்பது ஒருமுறை எழுதி, ஒருமுறை திருத்தப்பட்டு, பெட்டிக்குள் போய்விடும் பொருளாக இருக்கிறது. தேர்ந்த எழுத்தாளர் எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. குறிப்பு எடுக்கின்றனர், எழுதுகின்றனர், அடிக்கின்றனர், மீண்டும் எழுதுகின்றனர். விவியன் ஸாமெல் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 1983இல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட மாணவர் அறுவர் எழுதும் விதத்தை அருகிருந்து கவனித்து வெளியிட்டார். எழுதிக்கொண்டே போகும்போதுதான் தாம் கூற விரும்புவது என்ன என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. அவர்களுள் திறமை மிக்கவர் முதலில் கருத்தைச் சீர்செய்தனர்; சொல்லையும் இலக்கணத்தையும் பற்றிய கவலையைப் பின்னுக்குத் தள்ளி வைத்தனர். திறமை குறைந்தவரோ தொடக்கத்திலேயே சிறு பகுதிகளைத் திருத்துவதில் தேங்கி நின்றனர்.

இதனால் பெறும் பாடம் எளியது. முதற்படியில் ஆசிரியர் பொருளைப் பற்றியே கேட்க வேண்டும். 'கடைமடைக்கு முதலில் நீர் விட ஊரார் ஏன் இசைந்தனர்?' என்பது போன்ற ஒரு கேள்வி, இருபது கோடுகளைவிட மிகுதியாக மாணவரை எழுத வைக்கும். இரண்டாம் படியில் அமைப்பை நோக்கலாம். மூன்றாம் படியில், பொருள் நிலைபெற்ற பிறகு, மொழியைத் திருத்தலாம். இடித்துக் கட்டப் போகும் சுவருக்கு முதல் நாளே வெள்ளையடிப்பதில் பயனில்லை அன்றோ?

மொழிப் பிழைகளைத் திருத்துவதே வீண் என்று கூறிய அறிஞரும் உளர். ஜான் டிரஸ்காட் என்பவர் 1996இல் இலக்கணத் திருத்தத்தை எழுத்து வகுப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று வாதிட்டார். டானா ஃபெரிஸ் என்னும் அம்மையார் 1999இல் அதனை மறுத்து எழுதினார். இவ்வாதம் பல ஆய்வுகளைத் தூண்டிற்று. எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் திருத்துவதைவிட, ஒன்றிரண்டு வகைகளை மட்டும் எடுத்துத் தொடர்ந்து சுட்டிக் காட்டினால் பயன் விளைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. நம் அனுபவமும் அதுவே.

'இவை சொல்வதற்கு இனியவை. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆகுமா?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. ஒரு கட்டுரைக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் அறுபது கட்டுரைகளுக்குப் பதினைந்து மணி நேரம் ஆகிறது. மூன்று படிகள் என்றால் நாற்பத்தைந்து மணி நேரம். எனவே முதற்படியை மாணவர்களே இருவர் இருவராக மாற்றிக்கொண்டு படிக்கச் செய்யலாம். 'எனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை' என்று மட்டும் அவர்கள் ஒருவருக்கொருவர் கூறினால் போதும். இலக்கணம் திருத்த வேண்டியதில்லை. பருவத்திற்கு எட்டுக் கட்டுரைகளை ஒருமுறை எழுதச் செய்வதற்குப் பதிலாக மூன்று கட்டுரைகளை மும்முறை எழுதச் செய்யலாம். எண்ணிக்கை குறைகிறது, கல்வி குறைவதில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில், கேட்ட பொருளில் பிழையற்ற கட்டுரையைச் சில நொடிகளில் எழுதித் தரும் கணினிப் பொறிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. பிழையின்மை ஒன்றையே அளவாகக் கொண்ட மதிப்பீட்டிற்கு இதனால் பொருளே இல்லாமற் போயிற்று. நம் மாணவி வழிகாட்டி நூலில் தேடியதை இன்றைய மாணவர் அப்பொறியில் எளிதாகப் பெறலாம். ஆனால் தன் ஊர்க் கண்மாயில் ஊரார் செய்துகொண்ட ஏற்பாட்டை அவர் சொன்னாலன்றி எப்பொறியும் அறியாது. முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று எழுத்து வளர்வதை ஆசிரியர் உடனிருந்து காணும் வகுப்பில் பொறிக்கு அஞ்ச வேண்டிய தேவையும் பெரிதும் குறையும்.

இனி, நம் வீட்டுத் தமிழைப் பற்றிச் சில சொற்கள். தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கல்லூரியில் தமிழை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புள்ள இடங்களில் சிலர் ஆர்வத்துடன் எடுக்கின்றனர். எழுதத் தொடங்கினால், 'வந்துவிட்டான்' என்பதை 'வந்துட்டான்' என்றும், 'அவர்களுக்கு' என்பதை 'அவங்களுக்கு' என்றும் எழுதுகின்றனர். லகர, ளகர, ழகர வேறுபாடு தடுமாறுகிறது. இதைக் கண்டு 'தமிழனுக்குப் பிறந்து தமிழ் தெரியவில்லையே' என்று பெரியோர் நகைக்கின்றனர். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெகு தூரம் விலகி நிற்கும் மொழி நம்முடையது. செய்தித்தாளும் பெயர்ப்பலகையும் தமிழில் இல்லாத ஊரில், எழுத்துத் தமிழ் அப்பிள்ளைகளின் கண்ணில் படுவதே அரிது. அவர்கள் காதால் கேட்ட தமிழைக் கையால் எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் தமிழ் மாணவர் செய்யும் பிழை எத்தகையதோ அத்தகையதே இதுவும். பிறமொழி ஆசிரியர் நம் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும் என்று நாம் விரும்பும் பொறுமையை, நம் மொழியில் அவர்கள் எழுதும்போது நாமும் காட்டுவதே நீதி.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. ஊரில் உள்ள பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதச் சொல்லலாம். அதைத் திருத்தாமலே அனுப்பிவிடலாம். பதில் வந்தால் அதுவே திருத்தமாகும். பாட்டி சரியாக எழுதிய சொல்லைப் பேரன் அடுத்த கடிதத்தில் தானே எடுத்துக்கொள்வான். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிய கட்டுரையை வீட்டில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அம்மொழி நமக்கு நன்கு தெரியாவிட்டாலும், 'நீ எழுதியது என்ன என்று தமிழில் சொல்' என்று கேட்பதற்குத் தடையில்லை. அவ்வாறு தமிழில் சொல்லும்போது தம் கருத்து எங்கே தெளிவாக இருக்கிறது, எங்கே மங்குகிறது என்பது பிள்ளைகளுக்கே விளங்கும்.

அம்மாணவியின் கதையை முடித்துவிடுவோம். கண்மாய்க் கட்டுரையை மீண்டும் எழுதும்படி அவரிடம் கூறினோம். உடனே இசையவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் படியும், பருவ இறுதியில் மூன்றாம் படியும் வந்தன. மூன்றாம் படியிலும் பிழைகள் இருந்தன. 'ஏ', 'தி' என்னும் சொற்கள் பல இடங்களில் விடுபட்டே இருந்தன. ஆனால் ஊரார் ஏன் அந்த ஏற்பாட்டிற்கு இசைந்தனர் என்பதற்குப் புதிதாக ஒரு பக்கம் எழுதியிருந்தார். கடைமடைக்காரர் கைவிடப்பட்டால் அடுத்த ஆண்டு கரையைச் செப்பனிட ஆள் வரமாட்டார் என்று அவருடைய தந்தையார் தொலைபேசியில் கூறினாராம். அந்தப் பக்கம் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளை சிவப்பு மை படிந்த தாளுடன் வந்து நிற்கும்போது, 'எத்தனை மதிப்பெண்?' என்னும் கேள்வியைச் சற்று ஒத்தி வைப்போம். 'என்ன எழுதினாய்?' என்று முதலில் கேட்போம்.